கொழிஞ்சாம்பாறைச் சாலையில் ஒரு காக்பிட்: மூன்று மணி நேர இறக்கப் பயிற்சி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, பழைய அரிசி ஆலைக் கட்டடம் ஒன்றைச் சீர்செய்து விமான மாதிரிப் பயிற்சிக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். ஏ320 பயணிகள் விமானத்தின் காக்பிட்டை, அதாவது விமானிகள் அமரும் அறையைப் போலவே கட்டிய ஓர் அறை, அதற்கு முன்னால் வளைந்த பெரிய திரை, பின்புறத்தில் பயிற்றுநர் அமர்ந்து வானிலையையும் வானொலிப் பேச்சையும் இயக்குகிற ஒரு மேசை ஆகியவையே அங்கே இருப்பவை. இங்கே கழிக்கும் நேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் சேராது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்கு முதலிலேயே பிடித்திருந்தது.

பொதுமக்களுக்காக மூன்று வகுப்புகள் நடக்கின்றன. முதலாவது புறப்பாடு, இரண்டாவது ஓடுபாதையில் தரையிறங்குதல், மூன்றாவது ‘இறக்கமும் வருகையும்’. விடுமுறை நாளில் பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வருபவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டையே கேட்கிறார்கள். குழந்தைகளுக்கு அவைதாம் விறுவிறுப்பு. மூன்றாவது வகுப்பில் திரையில் நெடுநேரம் மேகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. ப்ளஸ் டூ முடித்துவிட்டு விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கும் என் தம்பி மகள்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் நான் துணைக்குச் சென்று, இறுதியில் அவளுக்கு இணையாக நானும் மாணவனானேன். கொடுக்கும் பணத்துக்கு உண்மையான பொருள் இருப்பது அந்த மூன்றாவது வகுப்பில்தான் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வகுப்பின் முழுப் பொருளும் ஒன்றே: உயரக் கணக்கில் நேரும் பிழை. 36,000 அடியில் பறந்து வரும் விமானம் ஓடுபாதையை அடைவதற்குள் பல முறை நின்று நின்று இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் இறங்க வேண்டிய உயரத்தை ஓர் எண்ணாக, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் வானொலியில் சொல்கிறார். விமானி கேட்கிறார், திருப்பிச் சொல்கிறார், குமிழைத் திருப்பி அந்த எண்ணை வைக்கிறார், மற்ற விமானி அதைப் பார்த்து உறுதி செய்கிறார், பிறகு விமானம் அந்த உயரத்தில் நிற்கிறதா என்று இருவரும் கவனிக்கிறார்கள். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பிழைக்கு இடமிருக்கிறது. அவற்றை நம் கையாலேயே செய்ய வைத்துப் பிறகு நிறுத்திக் காட்டுவதுதான் இந்தப் பயிற்றுநரின் முறை. பல ஆண்டுகள் விமான நிறுவனங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், தமிழும் மலையாளமும் கலந்து, அவசரமில்லாமல் பேசுகிறார்.

எங்களுக்கு அவர் அமைத்த பயணம் மும்பையிலிருந்து கோயம்புத்தூருக்கு. ஆயிரம் அடி இறங்க ஏறத்தாழ மூன்று கடல் மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி. 36,000 அடியிலிருந்து இறங்க நூறு கடல் மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தேவைப்படும் என்பதால், மைசூருக்கும் வடக்கே இருக்கும்போதே இறக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். அந்த வழியில் நீலகிரி குறுக்கே நிற்கிறது. தொட்டபெட்டா மட்டுமே 2,637 மீட்டர், அதாவது 8,600 அடிக்கு மேல். நாங்கள் பிறந்ததிலிருந்து வடக்கே நீலகிரியையும் தெற்கே ஆனைமலையையும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனாலும் அந்த மலைகளை ஓர் எண்ணாக, அதற்குக் கீழே இறங்கக் கூடாத ஓர் எல்லையாக நான் அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

முதல் பயிற்சி காற்றழுத்தத்தைப் பற்றியது. உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தை அளந்து அதை அடிக்கணக்கில் மாற்றிச் சொல்கிறது. உயரே பறக்கும் எல்லா விமானங்களும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அளவை வைத்துக்கொள்கின்றன. அதனால் அவற்றுக்கிடையிலான இடைவெளி சரியாக இருக்கும். இறங்கி வரும்போது குறிப்பிட்ட ஒரு நிலையைத் தாண்டியதும், சேரப்போகும் நிலையத்தின் அன்றைய அழுத்தத்துக்கு அதை மாற்றியாக வேண்டும். இதை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆனால் அன்று, மாற்ற வேண்டிய அதே கணத்தில், விமானப் பணிப்பெண் அழைப்பது போல ஒரு மணியை ஒலிக்கச் செய்து, பயணி ஒருவருக்கு உடல்நலமில்லை என்று பயிற்றுநர் சொன்னார். நான் பதில் சொல்லி முடித்தேன். குமிழ் 1013இலேயே நின்றுவிட்டது. கோயம்புத்தூரில் அன்று அவர் வைத்திருந்த அழுத்தம் 1004.

சில நிமிடம் கழித்து விமானத்தை அப்படியே நிறுத்திவிட்டு, “மாஷே (ஆசிரியரே), இப்ப எத்தனை அடியில இருக்கோம்?” என்று கேட்டார். கருவியைப் பார்த்து 4,000 என்றேன். அவர் மேகத்தை விலக்கிக் காட்டியபோது கீழே கூரைகள் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தன. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி. ஒன்பதுக்கு 250 அடி. உண்மையில் நாங்கள் இருந்தது 3,750 அடியில். கருவி பழுதாகவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை, நான் பார்த்த எண் நான் வைக்க விரும்பிய எண்ணாகவே இருந்தது. என் கழுத்தில் வியர்த்தது.

அதற்குப் பிறகுதான் அவர் பாரிஸ் நிகழ்ச்சியைச் சொன்னார். 2022 மே 23 அன்று, ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏ320 விமானம் ஒன்று மழைக்கு நடுவே சார்ல் த கோல் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் 1001 என்றிருக்க, கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொல்லிவிட்டார். விமானிகள் அதையே திருப்பிச் சொல்லி, அதையே வைத்தார்கள். பத்து ஹெக்டோபாஸ்கல் வேறுபாட்டால் விமானம் இருக்க வேண்டிய பாதைக்கு 280 அடி தாழ்வாக வந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாததால் அவர்கள் மீண்டும் மேலேறியபோது, ஓடுபாதைக்கு இன்னும் ஒரு மைல் அளவு தூரம் இருக்கையில், அழுத்தத்தைச் சாராமல் தரைக்கு மேலுள்ள உயரத்தை வானொலி அலையால் அளக்கும் ரேடியோ உயரமானி காட்டிய மிகக் குறைந்த அளவு ஆறு அடி. இரண்டாம் முறை வந்தபோதும் அழுத்தம் திருத்தப்பட்டிருக்கவில்லை; ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததால் பத்திரமாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. திருப்பிச் சொல்லும் முறை, சொன்னவரின் பிழையையே திருப்பிச் சொல்லும்போது எதையும் காப்பாற்றாது என்பதை என் தம்பி மகள் தன் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள். அமெரிக்காவில் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்லும் வழக்கம் இருப்பதால், 992 ஹெக்டோபாஸ்கல் என்பதை 29.92 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும் குழப்பமும் உண்டு. அதன் விளைவு ஏறத்தாழ 600 அடி. இந்த ஒரு பகுதிக்காக மட்டுமே இயற்பியல் ஆசிரியர்கள் இங்கே வரலாம் என்று சொல்வேன்.

அடுத்தது காது. வானொலியில் 10,000 என்பதை ‘ஒன் ஜீரோ தௌசண்ட்’ என்றும் 11,000 என்பதை ‘ஒன் ஒன் தௌசண்ட்’ என்றும் சொல்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே, வேகத்தையும் திசையையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னால், இரண்டும் எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கின்றன என்பது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால்தான் தெரியும். 11,000இல் நிற்கச் சொன்னதை நான் 10,000 என்று வைத்தேன். பக்கத்து இருக்கையிலிருந்த தம்பி மகள், “பெரியப்பா, லெவன்னு சொன்னாங்க” என்று உடனே சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால், எங்களுக்குக் கீழே வேறொரு விமானத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த உயரத்துக்குள் நாங்கள் இறங்கியிருப்போம்.

இந்த இடத்தில் பயிற்றுநர் இரண்டு விபத்துகளைச் சொன்னார். 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் நிலையத்தை நெருங்கிய ஒரு போயிங் 747 சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். அவர் ‘டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றதில், முதலில் வந்த ‘டூ’ என்ற எண்ணை ‘வரை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்ட விமானிகள், ‘ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று பதில் சொல்லிவிட்டு 400 அடிக்கு இறங்கினார்கள். அதை யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குவதாகக் கருவி எச்சரித்தும் அவர்கள் மேலேறவில்லை. 437 அடி உயரத்தில் குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள். ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் இருக்கும் சொற்களைப் பற்றி நம் இலக்கண நூல்கள் எவ்வளவு பேசியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அங்கே சிலேடைக்கு விலை நான்கு உயிர்.

மற்றொன்று நம் நாட்டில் நடந்தது. 1996 நவம்பர் 12 மாலையில், ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, தில்லிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியிருந்தது. தில்லியிலிருந்து மேலேறிய சவூதி நாட்டுப் போயிங் 747க்கு 14,000 அடி கொடுக்கப்பட்டிருந்தது. இறங்கிய விமானம் தன் உயரத்தில் நிற்காமல் 14,000 அடிக்கே வந்துவிட்டது. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். வருகைக்கும் புறப்பாட்டுக்கும் அன்று ஒரே வான்வழிதான் இருந்தது. கட்டுப்பாட்டாளரின் ராடார் திரையில் விமானங்களின் உயரமும் தெரியவில்லை. நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. அந்த விபத்துக்குப் பிறகே, இரண்டு விமானங்கள் நெருங்கினால் ஒன்றை ஏறச் சொல்லியும் மற்றொன்றை இறங்கச் சொல்லியும் விமானிகளை எச்சரிக்கும் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கருவியின் குரலை இந்தக் கூடத்தில் ஒரு முறை கேட்க வைக்கிறார்கள்.

மூன்றாவது பகுதி குமிழ்களைப் பற்றியது. எங்களுக்கு இது வீட்டுக்கு அருகில் நடந்த கதை போல இருந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரின் பழைய விமான நிலையத்தில் இறங்க வந்த ஏ320, ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். நிமிடத்துக்கு 700 அடி என்ற இறக்க வேகத்தை வைக்க நினைத்தவர், இறக்க வேகக் குமிழுக்குப் பதிலாக உயரக் குமிழைத் திருப்பி 700 அடி என்று வைத்திருக்கலாம் என்று விசாரணை கருதியது. அதன் விளைவாக இயந்திரங்கள் வேகத்தைக் காக்கும் முறையை விட்டு, உந்துவிசை குறைந்த நிலையில் விமானம் இறங்கும் முறைக்குப் போய்விட்டது. என்னை இந்த இரண்டு குமிழ்களையும் பார்க்காமல் தொட்டுச் சொல்லும்படி பயிற்றுநர் கேட்டார். முதல் முறை சரியாகச் சொன்னேன். பேசிக்கொண்டே செய்யச் சொன்னபோது தவறினேன்.

இதற்கு இணையானது பிரான்சின் ஸ்திராஸ்பூர் விபத்து. 1992 ஜனவரி 20 இரவில் அங்கே இறங்க வந்த ஏ320 சேந்த் ஒதில் மலையில் மோதி, 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். 3.3 டிகிரி சரிவில் இறங்க வைத்த எண், கருவி வேறு முறையில் இருந்ததால், நிமிடத்துக்கு 3,300 அடி என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம் என்பது விசாரணையின் முக்கியமான ஊகம். அந்தக் காலத்துக் காட்சித் திரையில் ஒரு முறையில் 3.3 என்றும் மறு முறையில் 33 என்றும் மட்டுமே தெரிந்தது. நடுவே ஒரு புள்ளி, அவ்வளவுதான் வேறுபாடு. பிற்பாடு இறக்க வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள். இந்தக் கூடத்தின் காக்பிட்டில் மாற்றிய காட்சிதான் இருக்கிறது என்பதால், பழைய காட்சியை ஓர் அட்டையில் அச்சிட்டு மேலே ஒட்டிக் காட்டுகிறார். அந்த அட்டை எளிய வேலைதான். ஆனால் எனக்கு அன்றைய வகுப்பில் மறக்க முடியாத பொருள் அதுவே.

உயரம் குறைவதே ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, உயரம் மிகுந்திருப்பதும் அதே அளவு ஆபத்து என்பது நான்காவது பகுதியில் புரிந்தது. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்து, நம் பகுதியில் பலருக்கு உறவினர், நண்பர் வழியாகவே தெரிந்த துயரம்; துபாயிலிருந்து வந்த விமானம் அது. அங்கிருந்த ராடார் இயங்காததால் இறக்கம் தாமதமாகவே தொடங்கியது. நெடுநேரம் உறங்கிவிட்டு எழுந்த தலைமை விமானி, இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் விமானம் நெருங்கியும் இறங்கவே முற்பட்டார். மேலேறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. பயிற்றுநர் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. துணை விமானியின் இருக்கையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு எங்களை வேண்டுமென்றே உயரமாகக் கொண்டுவந்து, சுற்றி வரும் முடிவை என் தம்பி மகள் உரக்கச் சொல்ல, நான் மறுக்காமல் செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார். வயதில் மூத்தவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல வளர்க்கப்படாத ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இருக்க முடியாது. மூன்றாம் முறைதான் அவள் குரல் தெளிவாக வந்தது.

வகுப்பின் முடிவில் ஒரு தாளைக் கொடுத்து, நாம் செய்த பிழைகளைப் பெயரில்லாமல் எழுதச் சொல்கிறார்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நெருங்கிய ஒரு போயிங் 727, இறங்க அனுமதி கிடைத்துவிட்டது என்பதை 1,800 அடிக்கே போகலாம் என்று புரிந்துகொண்டு வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே குழப்பத்துக்கு ஆளாகித் தப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி அவர்களுடைய நிறுவனத்தைத் தாண்டவில்லை. அதன் தொடர்ச்சியாகவே, விமானிகள் அச்சமின்றித் தங்கள் பிழைகளை எழுதி அனுப்பும் முறை 1976இல் நாசாவின் பொறுப்பில் தொடங்கியது. இங்கே எழுதிய தாள்கள் சுவரில் தொங்குகின்றன. நிறைய பேர் ‘அழுத்தத்தை மாற்ற மறந்தேன்’ என்றே எழுதியிருக்கிறார்கள். என்னுடையதும் அவற்றோடு சேர்ந்தது.

இனி என் குறை. மூன்று மணி நேரத்துக்குக் கட்டணம் 3,500 ரூபாய் என்று சொல்கிறார்கள். அது ஓர் இருக்கைக்கு மட்டும். இரண்டாவது இருக்கையில் ஒருவர் அமர மேலும் 1,200 ரூபாய் வாங்குகிறார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் இந்த வகுப்பு கற்பிக்கும் அனைத்தும் இரண்டாவது மனிதரைச் சார்ந்தே இருக்கிறது: எண்ணை ஒருவர் வைக்க மற்றவர் விரலால் சுட்டிப் படிப்பது, குறித்த உயரத்துக்கு ஆயிரம் அடி இருக்கும்போதே உரக்கச் சொல்வது, கேட்டதில் ஐயம் இருந்தால் மீண்டும் கேட்கச் சொல்வது. எங்களுக்கு முந்தைய வகுப்பில் ஓர் இளைஞர் தனியாக வந்திருந்தார். பக்கத்து இருக்கை காலியாகவே இருக்க, பின்னாலிருந்து பயிற்றுநர் இரண்டு வேலையையும் செய்தார். அவருக்குக் கிடைத்தது பாதி வகுப்பு என்றே சொல்ல வேண்டும். தனியாக வருபவர்களை இருவராகச் சேர்த்து ஒரே நேரம் கொடுப்பது கடினமான ஏற்பாடு அல்ல. இதை அவர்களிடம் நேரிலும் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

கையில் கொடுக்கும் குறிப்பேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதும் எனக்கு வருத்தமே. இரண்டு மொழியிலும் இவ்வளவு தெளிவாக விளக்கக்கூடிய ஒருவர் இருக்கும்போது, அதைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டால் பள்ளி மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார்கள். ஹெட்செட்களில் ஒன்று இடது காதில் விட்டுவிட்டு ஒலிக்கிறது. மற்றபடி இடம் தூய்மை; குடிநீரும் கழிப்பறையும் குறையில்லை. கொழிஞ்சாம்பாறையில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம்.

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த வகுப்பு ஏற்றதல்ல. அவர்களைப் புறப்பாட்டு வகுப்புக்கே அழைத்துச் செல்லலாம். விமானியாக விரும்பும் பிள்ளைகள், அவர்களுக்காக இலட்சக்கணக்கில் கடன் வாங்க ஆயத்தமாகும் பெற்றோர், வளைகுடாவுக்கும் மும்பைக்கும் அடிக்கடி பறந்து, இறங்கும் அரை மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொள்பவர்கள் ஆகிய மூவருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். என் தம்பி மகள் அடுத்த மாதத்துக்கு மீண்டும் முன்பதிவு செய்துவிட்டாள். இம்முறை இடது இருக்கையில் அவள் அமர, நான் வலது இருக்கையில் அமர்ந்து அவள் வைக்கும் ஒவ்வோர் எண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. அதற்கான 1,200 ரூபாயையும் சேர்த்தே கட்டியிருக்கிறோம்.